நிக்கோபார் மக்களும் அவர்களின் கிறிஸ்தவ வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அந்தமான் என்றதும் செல்லுலார் சிறை நினைவுக்கு வரும்; நிக்கோபார் என்றால் சுனாமி. சுனாமிக்கு முன்னும் பின்னும் அந்தத் தீவுகளில் வாழ்ந்துவரும் மக்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது ரொம்பக் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்று சொன்னால் பலர் வியப்போடு கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நிக்கோபாரிகள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

வங்கக் கடலில் அந்தமான் தீவுகளுக்குத் தெற்கே, பத்து டிகிரி கால்வாய் என்ற அகன்ற கடல்பரப்பைத் தாண்டினால் நிக்கோபார் தீவுகள் தொடங்கும். இருபதுக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் வசிப்பது அதில் பாதி அளவில்தான். வடக்கே கார் நிக்கோபார், நடுவில் சௌரா, தெரெஸ்ஸா, கட்சால், நான்கௌரி, கமோர்ட்டா, தெற்கே லிட்டில் நிக்கோபார், கிரேட் நிக்கோபார். கிரேட் நிக்கோபாரின் தென்முனையில் நின்றால் சென்னையைவிட சுமத்ரா மிக அருகில்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நிக்கோபாரிகள் சுமார் 27,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் கார் நிக்கோபாரில் இருக்கிறார்கள். 127 சதுர கிலோமீட்டர் பரப்பு, தட்டையான நிலம், கரையோரம் முழுக்கத் தென்னை, பதினைந்து ஊர்கள். முஸ், லபாத்தி, பெர்கா, மலாக்கா, ககானா, அரோங், சவாய் என்று ஊர்ப்பெயர்கள்.

ஜாரவா, சென்டினல் மக்களும் இவர்களும் ஒன்றுதானா?

இல்லை. ஜாரவா, சென்டினலீஸ், ஓங்கி ஆகியோர் அந்தமான் தீவுகளின் பழங்குடிகள். நிக்கோபாரிகளின் மொழிகள் ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை; கம்போடியா, பர்மா பக்கத்து மொழிகளுக்கு உறவு. தோற்றமும் அந்தப் பக்கத்து மக்களைப் போல இருக்கும். நூற்றாண்டுகளாகக் கப்பல்காரர்களோடு தேங்காய் வணிகம் செய்தவர்கள். அதனால் வெளியுலகம் அவர்களுக்குப் புதிதல்ல.

கிரேட் நிக்கோபாரின் உட்காட்டில் ஷோம்பேன் என்று இன்னொரு மக்கள் இருக்கிறார்கள். சில நூறு பேர்தான். வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழ்கிறவர்கள், பெரும்பாலும் வெளித்தொடர்பை விரும்பாதவர்கள். அவர்களை நிக்கோபாரிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

துஹெத் என்கிறார்களே, அது என்ன?

கார் நிக்கோபாரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. துஹெத் என்பது பெரிய கூட்டுக் குடும்பம். தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, அத்தை மாமா, அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கல்யாணமாகி வந்தவர்கள் என்று பல அடுப்புகள் சேர்ந்தது ஒரு துஹெத். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெத்துக்குச் சொந்தம். யார் எந்தத் தோப்பில் தேங்காய் எடுக்கலாம், எங்கே கிழங்கு போடலாம் என்பதைக் குடும்பத்தின் மூத்தவர் பிரித்துக் கொடுப்பார். நிலத்தை ஒருவர் தன் பெயருக்கு எழுதி வாங்கி விற்கும் பேச்சே கிடையாது. ஆதரவில்லாத முதியவர், பெற்றோரை இழந்த குழந்தை என்று யாரும் தனித்து விடப்படுவதும் இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரு துஹெத் உண்டு.

பழைய வீட்டைப் பார்த்தாலே இந்த வாழ்க்கை புரியும். ஆள் உயரத்துக்கும் மேலான மரத்தூண்கள், அதன்மேல் வட்டமான மரத்தளம், அதற்கு மேல் தேன்கூட்டைக் கவிழ்த்ததுபோலப் புல் வேய்ந்த பெரிய கூரை. ஜன்னல் கிடையாது. ஏணியில் ஏறித் தளத்தில் உள்ள வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமையாக இருக்கும். வீட்டுக்கு அடியில் உள்ள நிழலில் பகல் வேலைகள், பேச்சு, குழந்தைகளின் தூக்கம் எல்லாம் நடக்கும்.

ஊருக்குக் கடற்கரையோரம் ஒரு பொதுவெளி உண்டு. எல்-பனாம் என்று பெயர். பழைய நாளில் பிரசவத்துக்கு ஒரு குடிசை, சாகும் தறுவாயில் உள்ளவரைக் கொண்டுபோய் வைக்க ஒரு குடிசை, விருந்தினரும் கூட்டமும் தங்க ஒரு இடம், இடுகாடு, தோணிகள் எல்லாம் அங்கேதான். பிறப்பும் இறப்பும் கடல் முன்னால் நடந்தன.

ஊர்த்தலைவரைக் 'கேப்டன்' என்கிறார்கள். கப்பல் வணிகக் காலத்திலிருந்து நிலைத்துவிட்ட பட்டம். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்று ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுக்கு மேலே பழங்குடி கவுன்சில்.

என்ன சாப்பிடுவார்கள்?

தேங்காய், மீன், கிழங்கு, பன்றி, கோழி, வாழை, பப்பாளி. இப்போது அரிசியும் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களுக்கே உரிய உணவு தாழைப்பழம். நம் ஊர்த் தாழம்பூ மரத்துக்குச் சொந்தக்கார மரம்தான், பழம் மட்டும் தலை அளவு பெரியது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பானையில் அடுக்கி, இலை போட்டு மூடி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வெந்ததும் ஒவ்வொரு துண்டிலிருந்தும் சதையைச் சுரண்டி எடுத்து, நாரைப் பொறுமையாகப் பிரித்து, மஞ்சள் மாவாகப் பிசைந்து உருட்டி இலையில் பொதிந்து வைப்பார்கள். சில நாள் கெடாது. லேசான இனிப்பு இருக்கும். நாள் முழுக்க ஆகும் இந்த வேலையைப் பெண்கள் கூடி உட்கார்ந்துதான் செய்வார்கள்.

பன்றி வெறும் இறைச்சி இல்லை, துஹெத்தின் மானம் மரியாதை அதில் இருக்கிறது. தேங்காயைத் துருவிப் போட்டு ஆண்டுக்கணக்கில் வளர்ப்பார்கள். கல்யாணமோ சாவோ திருவிழாவோ, எத்தனை பன்றி விழுந்தது என்பது பேசப்படும்.

கிறிஸ்தவம் அங்கே எப்போது போனது?

முதல் முயற்சிகள் எல்லாம் தோற்றுத்தான் போயின. 1711-இல் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள் இருவர் வந்து இறங்கினார்கள், உயிரோடு திரும்பவில்லை. அடுத்து வந்தவர்கள் மொரேவிய சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையினர். அந்தக் கதை நம் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1756-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து போய் நிக்கோபாரைத் தங்கள் குடியேற்றம் என்று அறிவித்தார்கள். தரங்கம்பாடியில் தோட்டம் போட்டுக் குடியிருந்த மொரேவியர்கள் 1768-இல் நான்கௌரிக்குப் போனார்கள். மலேரியா காய்ச்சல் ஒருவர்பின் ஒருவராக அவர்களைக் கொண்டுபோனது. அங்கேயும், நோயோடு தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகும், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1787-இல் கைவிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பில் ஒரு சபைகூட உருவாகவில்லை.

அந்த மனிதர்களின் உறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தீவின் மொழி அவர்களுக்குக் கடைசிவரை சரியாக வசப்படவில்லை. தீவு மக்களில் ஒருவர் அந்தச் செய்தியைத் தன் வாயால் சொல்லும் நிலையும் வரவில்லை. பிறகு எது மாறியது என்று பார்த்தால் இந்த இரண்டும்தான் மாறின.

ஒரு தமிழர்தான் அங்கே பள்ளி தொடங்கினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர், சென்னை மாகாணத்திலிருந்து போனவர். 1895-இல் கார் நிக்கோபாரின் முஸ் ஊரில் குடியேறினார். அரசாங்க ஏஜென்ட் வேலையும் அவரே பார்த்தார். வந்துபோகும் கப்பல்களைப் பதிவு செய்வது, வானிலைக் குறிப்பு எழுதுவது, சண்டை சச்சரவைத் தீர்ப்பது, மருந்து கொடுப்பது, பையன்களைச் சேர்த்து எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தார். அவர் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகள் அரசு வெளியீடாகவே வந்தன. அந்தக் காலத்துக் கார் நிக்கோபார் பற்றி நேரில் பார்த்து எழுதப்பட்ட அரிய பதிவு அது. 1909-இல் அவர் இறந்தபோது கிறிஸ்தவர்களானவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் அந்தத் தீவின் வரலாற்றையே மாற்றினான்.

கடல் கடந்து போய் உழைத்த தமிழர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பட்டியலில் சாலமோன் பெயர் வருவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தப் பையன் யார்?

ஜான் ரிச்சர்ட்சன். முஸ் ஊர்க்காரர், நிக்கோபாரி. சாலமோன் அவரைப் பர்மாவுக்கு, மண்டலேயில் இருந்த மிஷன் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார். படிப்பு முடிந்து திரும்பியவர் முஸ்ஸில் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் வேலை தொடங்கினார். பிறகு குருப்பட்டம் பெற்றார். 1950-இல் ஆயர் ஆனார். நிக்கோபாரிகளில் முதல் ஆயர் அவர். 1966-இல் அந்தமான் நிக்கோபார் தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயரும் அவரே. அந்த மறைமாவட்டம் 1970 முதல் வட இந்தியத் திருச்சபையில் இருக்கிறது.

இவர் செய்ததில் நான் முதலிடம் கொடுப்பது மொழிபெயர்ப்புக்கு. அந்த மொழிக்கு ரோமன் எழுத்து முறை ஏற்கெனவே உருவாகியிருந்தது. அதில் வேதாகமத்தைத் தம் மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவந்தார். புதிய ஏற்பாடு முதலில் வந்தது. முழு வேதாகமம் 1969-இல் அச்சானது. சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழிக்கு முழு வேதாகமம் என்றால் எத்தனை ஆண்டு உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஜெபப் புத்தகமும் பாட்டுகளும் அதே மொழியில் வந்தன. கார் நிக்கோபாரில் ஒரு பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் தாய்மொழியில் வாசிக்க முடிகிறது என்றால் அதில் இவர் பங்கு பெரியது.

1952-இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் சார்பில் நியமிக்கப்பட்ட உறுப்பினரும் இவர்தான். 1978-இல் காலமானார்.

போர்க்காலத்தில் என்ன நடந்தது?

1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. கார் நிக்கோபாரில் விமானத்தளம் அமைக்க மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தார்கள். தேங்காய், பன்றி, கிழங்கு எல்லாம் பறிபோயின. போர் தோல்வியை நோக்கிப் போனபோது உளவு சொன்னதாகக் குற்றம் சாட்டி நிக்கோபாரிகள் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். படித்தவர்கள், ஊரில் பெயர் தெரிந்தவர்கள்மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. ரிச்சர்ட்சனும் சிறையில் அடைக்கப்பட்டார். ஜப்பான் சரணடைந்ததால் உயிர் பிழைத்தார்.

போருக்கு முன் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் கார் நிக்கோபாரின் ஊர்கள் ஒவ்வொன்றாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தன. காரணம் என்ன என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது. அந்தத் துன்பத்தை அவர்களோடு சேர்ந்து அனுபவித்த ஒருவர், அவர்களில் ஒருவர், அவர்கள் மொழியில் பேசினார். முடிவெடுத்ததும் தனி ஆட்கள் இல்லை; துஹெத் கூடிப் பேசி, கேப்டன்கள் கூடிப் பேசி, ஊராகச் சேர்ந்து வந்தார்கள்.

எல்லா நிக்கோபாரிகளும் கிறிஸ்தவர்களா? பழைய நம்பிக்கை போய்விட்டதா?

கார் நிக்கோபாரில் ஏறத்தாழ எல்லோரும். பெரும்பாலோர் வட இந்தியத் திருச்சபை, கத்தோலிக்கரும் உண்டு. நடுத்தீவுகளில் இஸ்லாமியக் குடும்பங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து போய்க் குடியேறியவர்களையும் சேர்த்த மாவட்டக் கணக்கில், 2011-இல், கிறிஸ்தவர்கள் சுமார் 70 விழுக்காடு.

பழைய நம்பிக்கையில் ஆவிகளுக்குப் பெரிய இடம். நோயும் புயலும் ஆவிகளால் வருபவை; அவற்றை விரட்ட மந்திரவாதி-வைத்தியர் உண்டு. நான்கௌரிப் பக்கத்தில் அவரை மென்லுவானா என்பார்கள். வீட்டுக்குள் மரத்தில் செதுக்கிய மனித உருவங்களை நிறுத்தி வைப்பார்கள், கெட்ட ஆவி பயந்து ஓடட்டும் என்று. இறந்தவரைப் புதைத்துச் சில ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டியெடுத்துப் பெரிய பன்றி விருந்தோடு மரியாதை செய்யும் சடங்கும் இருந்தது. நான்கௌரி, சௌராப் பக்கங்களில் பழைய வழக்கம் கூடுதலாகத் தங்கியது. சௌராவின் மந்திரத்துக்கு மற்றத் தீவுகள் எல்லாம் அஞ்சும். மண்பானை செய்யும் உரிமையே சௌராவுக்குத்தான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்தவம் வந்த பிறகு எலும்பு தோண்டுவது நின்றது. ஆனால் இறந்தவரை நினைத்து ஊர் கூடுவதும் பன்றி விருந்தும் தொடர்கின்றன. தோணிப் போட்டி தொடர்கிறது. மல்யுத்தம், சிலம்பம் போன்ற கம்புச் சண்டை, வட்டமாகக் கைகோத்து ஆடும் ஆட்டம் எல்லாம் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டுத்தான் கிறிஸ்தவர் ஆக வேண்டும் என்று யாரும் அவர்களை நெருக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும்?

அங்கே ஆண்டின் பெரிய நாள் அது. வாரக்கணக்கில் பாட்டுப் பயிற்சி நடக்கும். நிக்கோபாரிகள் சேர்ந்து பாடுவதைக் கேட்க வேண்டும்; குரல் பிரித்து, இசைவு பிசகாமல் பாடுவார்கள். துஹெத் ஒவ்வொன்றும் பன்றி கொடுக்கும். ஆராதனை முடிந்ததும் விருந்து. யார் வீட்டு அடுப்பில் யார் சமைக்கிறார்கள் என்ற கணக்கு இருக்காது. புத்தாண்டு வரை ஊர் அந்த மனநிலையிலேயே இருக்கும். அப்புறம் கால்பந்து. அது இல்லாமல் அவர்களுக்கு எந்தப் பண்டிகையும் முழுமையாகாது.

2004 சுனாமி அவர்களை எப்படிப் பாதித்தது?

டிசம்பர் 26, ஞாயிறு காலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஊரெல்லாம் பண்டிகைக் களிப்பில் இருந்த நேரம். நிலநடுக்கத்தின் மையம் சுமத்ராவை ஒட்டி இருந்தாலும் நிலத்தடிப் பிளவு நிக்கோபார் வரை நீண்டது; அதனால் அலை வந்துசேர அதிக நேரம் ஆகவில்லை. ஊர்கள் எல்லாம் கடற்கரையில்தான் இருந்தன என்பதை மறக்காதீர்கள். மலாக்கா, ககானா போன்ற ஊர்கள் அடித்தளம் மட்டும் மிஞ்சும்படி துடைக்கப்பட்டன. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்சாலில் இழப்பு மிகப் பெரியது. திரிங்கெட் தீவு துண்டுபட்டது. தீவுகளின் நிலமே அமிழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. அரசுக் கணக்கில் அந்தமான் நிக்கோபார் முழுவதும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 3,500 பேர். அதில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார் மாவட்டத்தினர். 2001-இல் 42,068 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 36,842.

தப்பியவர்கள் உள்காட்டு மேட்டில் கூடினார்கள். முதல் சில நாள் அவர்களைக் காப்பாற்றியது தேங்காயும் ஒருவரையொருவர் விடாத பழக்கமும்தான். கேப்டன்கள் ஊரைத் திரும்பக் கூட்டினார்கள், யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பெயர் பெயராகப் பார்த்தார்கள். ஆலயம் இல்லாத இடத்தில் மரத்தடியில் ஜெபம் நடந்தது.

நிறைய நிவாரணம் கிடைத்ததே, பிறகு என்ன குறை?

கிடைத்தது, மறுக்கவில்லை. பலர் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் கோளாறு. நிக்கோபாரிகள் முதலில் கேட்டது அரிவாள், சுத்தியல், கோடரி போன்ற கருவிகள். "வீட்டையும் தோணியையும் நாங்களே கட்டிக்கொள்கிறோம்" என்றார்கள். வந்ததோ தகரக் கொட்டகை. வெயிலில் அதற்குள் உட்கார முடியாது. பிறகு நிரந்தர வீடுகள் வந்தன. இரும்பும் பலகையும் இந்தியப் பெருநிலப்பரப்பிலிருந்து கப்பலில் வந்து, கணவன் மனைவி பிள்ளைகள் என்ற சின்னக் குடும்பத்துக்கு ஒன்று என்று வரிசையாகக் கட்டப்பட்டன.

இழப்பீட்டுப் பணமும் அப்படியே, தனித்தனி ஆள் பெயரில் வங்கிக் கணக்கில் விழுந்தது. அரசு விதிப்புத்தகத்தில் துஹெத் என்று ஒரு கட்டம் இல்லை. பெரிய பணத்தையே கையாளாத மக்கள் கையில் திடீரென்று பணம். மோட்டார் சைக்கிளும் டிவியும் மதுவும் கப்பலில் வந்து இறங்கின. எவர் பங்கு எவ்வளவு என்ற சண்டை முதன்முதலாகக் குடும்பங்களுக்குள் வந்தது. மூத்தவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு தேய்ந்தது. இலவச ரேஷன் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததால் தோட்டத்துக்குப் போகும் பழக்கமும் குறைந்தது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆண்டுகள் ஆகும் என்பது வேறு.

அலை எடுத்துக்கொண்டது உயிர்களையும் வீடுகளையும். துஹெத்தை உடைத்தது அதற்குப் பின் வந்த உதவி. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். இன்று துஹெத்தைத் திரும்பக் கூட்டிவைக்கும் வேலையில் சபைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிரிந்த அடுப்புகள் ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையிலும்தான் ஒன்றாக உட்காருகின்றன.

தமிழர்களுக்கு வேறு என்ன தொடர்பு?

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடாரப் படையெடுப்பின்போது கைக்கொண்ட இடங்களில் ஒன்றாக 'மாநக்கவாரம்' வருகிறது. அது நிக்கோபார்தான் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. நம் காலத்தில், சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரைக் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். சுனாமியில் அவர்களும் அடிபட்டார்கள். கிரேட் நிக்கோபாரில் 1969 முதல் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களிலும் தமிழர்கள் உண்டு.

கிரேட் நிக்கோபார் திட்டம் பற்றி அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றும் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பில் அறிவிக்கப்பட்ட திட்டம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்குப் போகும். அந்த விரிகுடா தோணியாமை என்னும் பெரிய கடலாமை முட்டையிடும் கரை. ஷோம்பேன் மக்களின் காடும் பக்கத்திலேயே.

தென்கரை நிக்கோபாரிகளைச் சுனாமிக்குப் பின் கேம்பல் பே பக்கம் கொண்டுவந்து குடிவைத்தார்கள். பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லிட்டில் மற்றும் கிரேட் நிக்கோபார் பழங்குடி கவுன்சில் 2022 ஆகஸ்டில் தடையில்லாச் சான்று கொடுத்தது. தங்கள் மூதாதையர் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. நாட்டுக்குத் துறைமுகம் தேவையா என்பது தனி விவாதம். தங்கள் நிலத்தைப் பற்றி அந்த மக்கள் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நான் அங்கே போய்ப் பார்க்கலாமா?

சுற்றுலாவாகக் கார் நிக்கோபாருக்கோ நடுத்தீவுகளுக்கோ போக முடியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அவை காப்புப் பகுதிகள். அரசு வேலை, உறவினர், ஆய்வு போன்ற தக்க காரணம் இருந்தால் மாவட்ட நிர்வாகத்திடம் பழங்குடிப் பகுதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே பகுதிக்கு மட்டும் இந்தியக் குடிமக்கள் போகலாம். போர்ட் பிளேரிலிருந்து, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, கப்பல் உண்டு.

ஆசிரியராகவோ செவிலியராகவோ பணி கிடைத்துப் போகிறவர்கள் முதலில் ஊரின் முதல் கேப்டனைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். தோப்பில் கிடக்கும் தேங்காயைக்கூடக் கேட்காமல் எடுக்காதீர்கள், அது ஒரு துஹெத்துக்குச் சொந்தம். ஆலயத்தில் பாட்டு அவர்கள் மொழியில்தான் இருக்கும். ரோமன் எழுத்தில் அச்சான பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவர் உங்கள் பக்கம் நகர்த்தி வைப்பார், சேர்ந்து பாடலாம்.